முதல் சத்தத்துக்கு முன்

அத்தியாயம் 14

சித்தூர் ரயில் அன்றைக்குத் தாமதம். எதிர் வண்டிக்காகப் பாகாலாவில் நிறுத்திவிட்டார்கள் என்று தம்பி மனைவி யமுனா போனில் சொன்னாள். திருப்பதி ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் நின்றுகொண்டிருந்த பத்மினி, இட்லிப் பொட்டலத்தை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினாள். சூடு இன்னும் இருந்தது.

இன்று காவ்யாவின் நாள்.

மூன்று வயது நெருங்கும் தம்பி மகள் காவ்யா, பிறந்ததிலிருந்து ஒரு சத்தமும் கேட்டதில்லை. போன மாதம் அவள் காதுக்குள் ஆபரேஷன் செய்து ஒரு சின்னக் கருவியை வைத்தார்கள். வைத்தது உள்ளே சும்மாதான் இருக்கிறது. அதை வெளியிலிருந்து எழுப்ப வேண்டும். காதுக்குப் பின்னால் மாட்டும் இன்னொரு கருவியைக் கம்ப்யூட்டரோடு இணைத்து, குழந்தைக்குத் தாங்கும் அளவைப் பார்த்துப் பார்த்து வைத்து, முதல் சத்தத்தை உள்ளே அனுப்புவார்கள். அதற்குத்தான் இன்று வரச் சொல்லியிருந்தார்கள்.

காவ்யாவுக்குத் தையல் ஆறிவிட்டது. மழித்த இடத்தில் முடிகூட முளைத்துவிட்டது. பத்மினிக்கும் அவள் தம்பி கிரண்குமாருக்கும் நடுவில் விழுந்த வெட்டுதான் ஆறவில்லை.

ஆபரேஷன் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவள் பத்மினி. யமுனா அவள் பக்கம் நின்றாள். கிரண் பயந்தான். ஆபரேஷன் தியேட்டர் வாசலில், உள்ளே குழந்தையைக் கொண்டுபோன பிறகு, அந்தப் பயம் வேறு சொல்லாக வெளியே வந்தது. “எம் பொண்ணு உன் கம்பெனி மெஷினு இல்லக்கா, இஷ்டத்துக்குக் கழட்டி மாட்டறதுக்கு.” அன்றிலிருந்து அவன் அக்காவோடு பேசுவதில்லை. பேச வேண்டியது இருந்தால் யமுனா வழியாகத்தான்.

ரயில் வந்து நின்றது. இடுப்பில் குழந்தையோடு யமுனா முதலில் இறங்கினாள். பின்னாலேயே பையோடு கிரண்.

“ஏதாவது துன்னீங்களா?” என்றாள் பத்மினி.

“இவ துன்னுட்டா. நாங்க இன்னும் இல்ல அண்ணி.”

கிரண் கடிகாரத்தைப் பார்த்தான். “நேரமாவுது, ஆட்டோ புடிக்கலாம்னு சொல்லு,” என்றான் மனைவியிடம். அக்கா கைக்கெட்டும் தூரத்தில்தான் நின்றிருந்தாள்.

“புடிச்சி நிக்க வச்சிருக்கேன்னு சொல்லு,” என்றாள் பத்மினி.

யமுனா இருவரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, எதையும் யாருக்கும் சொல்லாமல் நடந்தாள்.

*

செவித்திறன் மையத்தில் ஜமீலா காத்திருந்தார். மதனப்பள்ளிக்காரர். கேட்கும் திறனைப் பார்க்கும் ஆடியாலஜிஸ்ட். தமிழையும் தெலுங்கையும் ஒரே வாக்கியத்தில் கலந்து பேசும் அவர் குரலைக் கேட்டாலே பாதிப் பயம் போய்விடும் என்று யமுனா சொல்வாள்.

அறை சின்னதுதான். மேசைமேல் ஒரு டெஸ்க்டாப் கம்ப்யூட்டர். திரையின் தலையில் ஒரு கேமரா, குழந்தைகள் முதல்முதலாகக் கேட்கும் நேரத்தைப் படம் பிடித்து வைப்பதற்காகப் புதிதாக வாங்கியது. பக்கத்தில் சோப்பு டப்பா அளவுக்கு ஒரு வெள்ளைப் பெட்டி. கம்ப்யூட்டரையும் காதுக் கருவியையும் ஒன்றோடு ஒன்று பேச வைப்பது அந்தப் பெட்டிதான். ஒரு யுஎஸ்பி கேபிளில் கம்ப்யூட்டரோடு சேர்ந்திருந்தது.

குழந்தையின் தலையில் எதையும் வைப்பதற்கு முன் பெட்டியைச் சரிபார்ப்பது ஜமீலாவின் வழக்கம். கேபிளைச் செருகினார். பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. திரையில் ‘இணைந்தது’ என்று வந்தது.

அடுத்த மூச்சு விடுவதற்குள் பச்சை அணைந்தது. மௌஸ் நகரவில்லை. சற்று நேரத்தில் எல்லாம் தானாகவே திரும்பி வந்தது. மறுபடி போனது.

“ஏமைந்தி இதுக்கு,” என்று ஜமீலா கேபிளைப் பிடுங்கி வேறு துளையில் செருகினார். அங்கேயும் அதே கதை. கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டார். கொஞ்சம் நல்ல பிள்ளையாக இருந்துவிட்டு மறுபடி விழுந்தது.

பெட்டி தந்த கம்பெனிக்கு அவர் போன் போட்டார். அந்தப் பக்கம் பேசியவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, சென்னையிலிருந்து இன்ஜினியர் வருவதற்கு வாரக் கடைசி ஆகும் என்றார். இந்த வேலைக்கான மென்பொருள் போட்ட லேப்டாப் ஒன்று மையத்தில் உண்டு. அது முகாமுக்காகப் பீலேர் போயிருந்தது.

“சாரி அம்மா,” என்றார் ஜமீலா யமுனாவிடம். “இன்னொரு நாள் குடுக்கறேன். ஆனா அடுத்த வாரம் பூரா நான் முகாம்ல இருப்பேன். அதுக்கு அப்புறம்தான்.”

கிரண் எழுந்துவிட்டான். பையைத் தோளில் மாட்டினான்.

“கெளம்பு யமுனா. சாயந்தர வண்டிக்கு முன்னாடியே பஸ் இருக்குது.”

அவன் குரலில் கோபம் இல்லை. ஏதோ ஒரு நிம்மதிதான் இருந்தது. அதைக் கேட்டதும் பத்மினிக்குப் புரிந்துவிட்டது. இன்று இந்த வாசலைத் தாண்டினால் இவன் திரும்பி வருவது லேசில் நடக்காது. போன வருஷம் சாதாரணக் காது மெஷின் போட்டுப் பார்த்தபோதும் இப்படித்தான். ஒருநாள் பேட்டரி தீர்ந்தது. அடுத்த வாரம் வாங்கலாம் என்றான். அந்த அடுத்த வாரம் மாதக்கணக்கில் நீண்டது. குழந்தையிடம் அவனுக்குப் பாசம் இல்லாமல் இல்லை. நம்பிப் பார்த்து மறுபடி ஏமாற அவனுக்குத் தெம்பில்லை.

“மேடம்,” என்றாள் பத்மினி ஜமீலாவிடம், “பெட்டி போறப்ப மௌஸும் கூடவே போவுதில்ல?”

“அவுனு. கீபோர்டும்.”

“அப்டின்னா பெட்டியில கோளாறு இல்ல. நான் பார்க்கட்டுமா?”

ஸ்ரீசிட்டியில் ஒரு தொழிற்சாலையின் சோதனைப் பிரிவில் இருக்கும் கம்ப்யூட்டர்கள் அத்தனையும் பத்மினியின் பொறுப்பு. அவற்றில் ஒன்று முடங்கினாலும் உற்பத்தி லைன் நிற்கும். லைன் நின்றால் அவள் பெயர்தான் முதலில் கூப்பிடப்படும். கார்வேட்டிநகரம் பக்கத்தில் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்ட பெற்றோருக்குப் பிறந்து, புத்தூரில் டிப்ளமா படித்து, அந்த வேலைக்கு வந்தவள். தெரிந்ததைத் தெரியும் என்று சொல்ல அவளுக்குக் கூச்சம் கிடையாது.

ஜமீலா யோசித்தார். “வைத்தியத்துக்கு வச்சிருக்கற கம்ப்யூட்டர். நானா முடிவு பண்ண முடியாது. கம்பெனிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுடறேன்.”

கேட்டார். பத்மினியே போனை வாங்கிப் பேசினாள். அவள் என்ன செய்யப்போகிறாள், எதைத் தொட மாட்டாள் என்று சொல்லி முடித்ததும், அந்தப் பக்கத்தில் இருந்தவரின் குரல் மாறியது. தங்கள் மென்பொருளைத் தொடாத வரைக்கும் ஆட்சேபணை இல்லை என்றும், வேலை முடிந்ததும் தானும் அங்கிருந்தே ஒருமுறை பார்த்துச் சரி சொல்வதாகவும் சொன்னார்.

“உக்காரச் சொல்லு,” என்றாள் பத்மினி யமுனாவிடம்.

கிரண் உட்காரவில்லை. போகவும் இல்லை. பையைத் தோளில் போட்டபடியே ஜன்னலோரம் நின்றான்.

*

வேலை ஆரம்பிக்கும் முன்பே ஒரு சிக்கல். மௌஸும் கீபோர்டும் யுஎஸ்பியில்தான் இருந்தன. சரிசெய்ய உட்கார்ந்தால் சரிசெய்யும் கையே பாதியில் விறைத்துக்கொள்ளும்.

“பழைய கீபோர்டு ஏதாவது இருக்குதா மேடம்? உருண்டை பின்னு வச்சது.”

கணக்கர் அறையில் மூலையில் போட்டிருந்த ஒன்றை ஆயம்மா தேடித் தூசி தட்டிக் கொண்டுவந்தார். அது வேறு வழியாகக் கம்ப்யூட்டருக்குள் போவது. யுஎஸ்பி செத்தாலும் அது சாகாது. பத்மினி அதைச் செருகிக்கொண்டு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

யமுனா குழந்தையோடு பக்கத்தில் வந்து நின்றாள். “இன்னா அண்ணி ஆச்சு அதுக்கு?”

“நம்ம தெருவுல ஒரு வூட்ல மட்டும் கரண்டு போனா இன்னா பார்ப்பாங்க?”

“அந்த வூட்டு பீஸு.”

“தெருவே இருட்டாயிட்டா?”

“டிரான்ஸ்ஃபார்மர்.”

“அவ்ளோதான். பெட்டி, மௌஸு, கீபோர்டு எல்லாம் வூடுங்க. உள்ள கன்ட்ரோலர்னு ஒண்ணு இருக்குது, அது டிரான்ஸ்ஃபார்மர். அது விழுவுது. அது விழறதால மத்ததெல்லாம் விழுவுது.”

சொல்லிக்கொண்டே விசைகளைத் தட்டினாள். பழையபடி திரும்புவதற்கு வழி ஒன்றை முதலில் சேமித்து வைத்தாள். பிறகு கம்ப்யூட்டர் தனக்குத்தானே எழுதி வைத்துக்கொள்ளும் நிகழ்வுப் பட்டியலைத் திறந்தாள். காலையிலிருந்து அதே எச்சரிக்கை வரிசை கட்டி நின்றது. கன்ட்ரோலர் பதில் சொல்லவில்லை, மறுபடி தொடங்கப்பட்டது. கன்ட்ரோலர் பதில் சொல்லவில்லை, மறுபடி தொடங்கப்பட்டது.

நேற்று வரைக்கும் அந்த வரி ஒன்றுகூட இல்லை.

“நேத்து இதுல இன்னா மேடம் பண்ணீங்க?”

“ஒண்ணும் பண்ணல. சாயந்தரம் அணைக்கறப்ப அப்டேட்னு கேட்டுச்சு. சரின்னேன்.”

பத்மினி கன்ட்ரோலரின் டிரைவரைப் பார்த்தாள். கன்ட்ரோலருக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் துபாஷி வேலை பார்க்கும் சின்ன மென்பொருள் அது. தேதி புதிது. அப்டேட்டோடு சேர்ந்து வந்து உட்கார்ந்திருந்தது.

“புது துபாஷி வந்திருக்கான். இவன் பேசறது அதுக்குப் புரியல,” என்றாள். “பழைய ஆளையே கூப்பிடலாம்.”

பழைய டிரைவருக்குத் திரும்பும் பொத்தான் உயிரோடு இருந்தது. அழுத்தினாள். கம்ப்யூட்டர் அணைந்து எழுந்தது. பெட்டியைச் செருகினாள்.

பச்சை எரிந்தது. எரிந்துகொண்டே இருந்தது. மௌஸ் ஓடியது.

ஜமீலா கைகளைச் சேர்த்துக்கொண்டார். “அம்மய்யா. வாம்மா யமுனா, ஆரம்பிச்சிடலாம்.”

“வேணாம் மேடம்,” என்றாள் பத்மினி. “இன்னும் இல்ல.”

ஜன்னலோரத்தில் கிரணின் தலை திரும்பியது.

“எங்க பேக்டரியில இப்டி ஒரு மெஷின சரி பண்ணா உடனே லைனுக்கு அனுப்ப மாட்டோம். நல்லா வேலை வாங்கிப் பார்ப்போம். உங்ககிட்ட டெமோ கருவி இருக்குமில்ல? யார் தலையிலயும் வைக்காத கருவி. அதை மாட்டி, நெஜமா பண்ற மாதிரியே மொத்தத்தையும் ஒரு தடவை பண்ணுங்க. படம் பிடிக்கறதுலருந்து எல்லாமே. நான் பார்த்துக்கினு இருக்கேன்.”

இழுப்பறையிலிருந்து டெமோ கருவி வந்தது. ஜமீலா ஒவ்வொரு படியாகச் செய்யத் தொடங்கினார். இட்லிப் பொட்டலம் பிரிக்கப்பட்டது. யமுனா நின்றபடியே தின்றாள். கிரண் வேண்டாம் என்று தலையாட்டினான்.

நேரம் போனது. பச்சை அசையவில்லை. ஜமீலா பாதிப் படிகளைத் தாண்டிவிட்டார்.

அப்போது பெட்டி இருண்டது.

ஒரே ஒரு தடவைதான். உடனே திரும்பியும் வந்துவிட்டது. ஆனால் அறையில் இருந்த எல்லோரும் அதைப் பார்த்தார்கள்.

*

“போதும்,” என்றான் கிரண்.

அவன் யமுனாவிடம் சொல்லவில்லை. இத்தனை நாளுக்குப் பிறகு அக்காவின் முகத்தைப் பார்த்துச் சொன்னான்.

“போதும் உடு. இதுக்கே நிக்க முடியல. இதை எம் பொண்ணு மண்டைக்குள்ள பேச உடணுமா? நடுவுல விழுந்தா இன்னா ஆவும்? உனக்குத் தெரியுமா?”

“மேடத்தக் கேளு.”

ஜமீலா அவன் பக்கம் திரும்பினார். “நடுவுல போனா சத்தம் நின்னுடும். அவ்வளவுதான் தம்பி. குழந்தைக்கு எந்த ஆபத்தும் கிடையாது. ஆனா பாதியில நின்னா பயந்துக்கும். அதுக்கு அப்புறம் தலையில மாட்ட வுடாது. அதனாலதான் நானும் யோசிக்கறேன்.”

“பார்த்தியா,” என்றான் கிரண்.

பத்மினி நாற்காலியைத் திருப்பி அவனைப் பார்த்து உட்கார்ந்தாள்.

“நீ சொன்னது சரிதான் கிரணு. இது இப்டி இருக்கறப்ப காவ்யா தலையில வைக்க நானே உட மாட்டேன். அதனாலதானே மேடம் ஆரம்பிக்கலாம்னு சொன்னப்ப வேணாம்னேன்.”

கிரண் பையின் வாரைத் தோளில் இழுத்துச் சரிசெய்துகொண்டான்.

“காலையில மூச்சுக்கு ஒரு தடவை விழுந்துக்கினு இருந்துச்சி. இப்ப இவ்ளோ நேரத்துக்கு ஒரே தடவை. பாதியப் புடிச்சிட்டேன். மீதி பாதி இந்த ரூமுக்குள்ளதான் எங்கியோ இருக்குது. புடிச்சிடுவேன். புடிக்க முடியலன்னா முடியலன்னு நானே சொல்லி உங்கள பஸ் ஏத்தறேன். அது வரைக்கும் பைய கீழ வை. தோள் வலிக்கும்.”

யமுனா போய்ப் பையை அவன் தோளிலிருந்து எடுத்தாள். அவன் விட்டான்.

பத்மினி மறுபடி பட்டியலைப் பார்த்தாள். டிரைவர் பழையதுதான். கேபிளில் குறையில்லை. கம்ப்யூட்டர் சும்மா இருக்கும் துளைகளுக்கு மின்சாரத்தைக் குறைத்து மிச்சம் பிடிக்கும் வழக்கம் ஒன்று உண்டு. அதை நிறுத்தி வைத்தாள். ஆனால் அது காரணமாக இருக்க முடியாது. விழுந்த நேரத்தில் பெட்டி சும்மா இல்லை, வேலை செய்துகொண்டிருந்தது.

“மேடம், விழறதுக்கு முன்னால கடைசியா இன்னா பண்ணீங்க?”

ஜமீலா யோசித்தார். அதே படிகளை மறுபடி செய்து காட்டினார். ஒன்று, இன்னொன்று, அடுத்தது.

இவ்வளவு நேரமும் யமுனாவின் காலடியில் மரக்கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்த காவ்யா திடீரென்று எழுந்தாள். கையை நீட்டித் திரையின் உச்சியைக் காட்டினாள். கேமராவின் ஓரத்தில் கடுகளவு நீல விளக்கு ஒன்று எரியத் தொடங்கியிருந்தது. ஜமீலா படம் பிடிக்கும் பொத்தானை அழுத்தியிருந்தார். அதைப் பார்த்துவிட்டு உடனே காவ்யா பச்சை விளக்குப் பெட்டியைக் காட்டினாள். போன தடவை இது எரிந்ததும் அது அணைந்ததை அவள் பார்த்து வைத்திருந்தாள் போலும்.

பெட்டி அணைந்தது. மௌஸும் நின்றது.

பத்மினி குழந்தையைப் பார்த்தாள். காது கேட்காத குழந்தைக்குக் கண்தான் எல்லாம். அறையில் எந்த மூலையில் என்ன மினுக்கினாலும் அவள் அதைப் பார்ப்பாள். அதைக் காலையிலேயே நினைத்திருக்கலாம்.

“அடி என் தங்கமே,” என்று அவள் கன்னத்தைத் தட்டிவிட்டு விசைப்பலகைக்குத் திரும்பினாள். “மேடம், கேமராவ அணைச்சிட்டு மறுபடி போடுங்க.”

போட்டார். நீலம் எரிந்தது. கொஞ்ச நேரம் கழித்துப் பச்சை அணைந்தது.

“இன்னொரு தடவை.”

அதேதான்.

கேமராவும் பெட்டியும் முன்பக்கத் துளைகளில், ஒரே கன்ட்ரோலரின் கீழ் உட்கார்ந்திருந்தன. கேமரா படம் பிடிக்கத் தொடங்கியதும் அத்தனை பாரத்தையும் அந்தக் கன்ட்ரோலரின்மேல் இறக்கியது. பழைய டிரைவர் கொஞ்சம் தாக்குப்பிடித்தது. புதியது அந்தப் பாரம் இல்லாமலே விழுந்தது. கேமரா புதிது, அதில் இதுவரை யாரும் படம் பிடித்திருக்கவில்லை; அதனால்தான் நேற்று வரைக்கும் பட்டியலில் அந்த வரி வரவில்லை.

கேமராவைக் கழற்றினாள். கம்ப்யூட்டரை முன்னால் இழுத்து, குனிந்து பின்பக்கத்தைப் பார்த்தாள். அங்கே வேறொரு கன்ட்ரோலரைச் சேர்ந்த இரண்டு துளைகள் தனியாக இருந்தன. பெட்டியை அதில் செருகினாள். மௌஸைக்கூட அதன் பக்கத்தில் விடவில்லை.

பிறகு அந்தக் கம்ப்யூட்டரை அவள் படுத்திய பாட்டை ஜமீலா வெகுநாள் மறக்க மாட்டார். பென் டிரைவில் பெரிய பெரிய கோப்புகளை ஏற்றி இறக்கினாள். பாட்டுப் போட்டாள். நடுவிலேயே மௌஸைப் பிடுங்கிச் செருகினாள். தூங்க வைத்து எழுப்பினாள். ஜமீலா டெமோ கருவியில் முதலிலிருந்து கடைசிவரை மறுபடி ஒருமுறை செய்தார். அது முடிந்ததும் இன்னொரு முறை செய்யச் சொன்னாள். கம்பெனிக்காரர் தொலைவிலிருந்தே உள்ளே வந்து பார்த்துவிட்டு, சரி என்றார்.

மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது. பச்சை ஒருமுறைகூடக் கண் சிமிட்டவில்லை. பட்டியலில் ஒரு புது எச்சரிக்கையும் இல்லை.

பத்மினி எழுந்து நாற்காலியை ஜமீலாவுக்குக் கொடுத்தாள்.

“இனிமே விழாது மேடம். கம்ப்யூட்டருக்கு நான் பொறுப்பு. காவ்யாவுக்கு நீங்க சொல்லுங்க.”

*

“மடியில வச்சிக்கறது யாரு?” என்று ஜமீலா கேட்டார்.

யமுனா உட்காரப் போனவள் நின்றாள். கணவனைப் பார்த்தாள்.

“நீங்க உக்காருங்க மாமா.”

“நானா? நீயே வச்சிக்க.”

“எங்கிட்ட எப்பவும்தான் இருக்கறா. இன்னிக்கு நீங்க வச்சிக்குங்க.”

கிரண் உட்கார்ந்தான். காவ்யாவை மடியில் வைத்து முன்னால் கட்டைகளைப் போட்டார்கள். ஜமீலா காதுக்குப் பின்னால் கருவியை மாட்டி, வட்டமான காந்த வில்லையைத் தலையில் வைத்தார். அது தானாகவே தன் இடத்தில் ஒட்டிக்கொண்டது. காவ்யா ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டுக் கட்டைகளுக்குத் திரும்பினாள்.

முதலில் உள்ளே வைத்த கருவி நன்றாக இருக்கிறதா என்று பார்த்தார்கள். திரையில் பச்சைக் கட்டங்கள் வரிசையாக நிறைந்தன. “அன்னி பாகுன்னாயி,” என்றார் ஜமீலா. எல்லாம் நன்றாக இருக்கிறது.

பிறகு மிக மெல்லிய ஒரு சத்தத்தை அனுப்பினார். காவ்யா கட்டை அடுக்கினாள். கொஞ்சம் கூட்டினார். காவ்யா கட்டை அடுக்கினாள். யமுனா சேலைத் தலைப்பைப் பல்லில் கடித்துக்கொண்டாள். பத்மினி குழந்தையைப் பார்க்கவில்லை. அவள் கண் பச்சை விளக்கிலேயே இருந்தது.

இன்னும் கொஞ்சம்.

நீலக் கட்டை பிடித்த கை அந்தரத்தில் நின்றது.

காவ்யாவின் கண்கள் அகன்றன. மேலே பார்த்தாள். ஜன்னலைப் பார்த்தாள். எங்கிருந்து வருகிறது என்று அறையின் எல்லா மூலையிலும் தேடினாள். கண்ணால் எதுவும் காணவில்லை. உதடு பிதுங்கியது. பிறகு அழுதாள். அடித்தொண்டையிலிருந்து கிளம்பிய அந்த அழுகையைத் தானே கேட்டுத் திடுக்கிட்டு, நிறுத்தி, மறுபடி அழுதாள்.

கிரண் பதறிப்போய் வில்லையைப் பிடுங்கக் கையை உயர்த்தினான்.

“வேணாம் தம்பி,” என்றார் ஜமீலா. “அழட்டும். கேட்டதாலதான் அழறா. எதுவுமே இல்லாத வூட்டுக்குள்ள திடீர்னு யாரோ வந்த மாதிரி இருக்கும் அவளுக்கு. நீங்க பேசுங்க. மெதுவா. பேரச் சொல்லிக் கூப்பிடுங்க.”

அவன் வாயைத் திறந்தான். சொல் வரவில்லை. கேட்காது என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து மகளைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதை அவன் நிறுத்தியிருந்தான். தோளைத் தொட்டுத்தான் கூப்பிடுவான். பேர் சொன்னால் என்ன பயன் என்று ஒருமுறை யமுனாவிடம் கேட்டிருக்கிறான்.

“காவ்யா,” என்றான். குரல் உடைந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டான். “காவ்யா. நைனாம்மா. நைனா கூப்டறேன்.”

அழுகை நின்றது. காவ்யா அவன் வாயைப் பார்த்தாள். அவனுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை, அதனால் அதையே திருப்பித் திருப்பிச் சொன்னான். அவளுக்கு ஒரு சொல்லும் புரிந்திருக்காது. ஆனால் ஈரம் காயாத முகத்தோடு கையை நீட்டி அவன் தொண்டையின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டாள். வருவது அங்கிருந்துதானா என்று பார்ப்பதுபோல. அவன் நிறுத்தியபோது தொண்டையைத் தட்டினாள்.

அவன் மறுபடி பேசினான்.

யமுனா வாசல் பக்கம் திரும்பி நின்று அழுதாள். பத்மினி பச்சை விளக்கிலிருந்து கண்ணை எடுத்தாள். பார்த்துக்கொண்டிருக்க வேண்டிய அவசியம் இனி இல்லை.

*

மையத்துக்கு எதிரே டீக்கடை. யமுனா உள்ளே ஜமீலாவிடம் கருவியைக் கழற்றி மாட்டப் பழகிக்கொண்டிருந்தாள். பத்மினி வெளியே வந்து நின்றபோது, கிரண் இரண்டு கிளாஸ் டீயோடு தெருவைக் கடந்து வந்தான். ஒன்றை அவளிடம் நீட்டினான்.

“அக்கா.”

“சொல்லு.”

“அன்னிக்கு மெஷினுன்னு சொன்னது...”

“டீ ஆறுது, குடி,” என்றாள்.

இருவரும் குடித்தார்கள். கோயில் பக்கமிருந்து வந்த ஒரு ஜீப் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. கிரண் சட்டென்று மையத்தின் ஜன்னலைத் திரும்பிப் பார்த்தான். பார்த்துவிட்டுத் தனக்குத்தானே சிரித்துக்கொண்டான்.

“மாங்கூழ் பேக்டரி வேலைய உட்டுட்டேன்க்கா. யமுனாவுக்குத் தெரியும். வூட்ல இன்னும் சொல்லல.”

“உட்டுட்டியா? எப்போ?”

“போன வாரம். இனிமே இவளுக்குப் பேச்சு சொல்லிக் குடுக்கணும், வாரம் பூரா இங்க வந்துக்கினு இருக்கணும்னு மேடம் அன்னிக்கே சொன்னாங்க இல்ல. சித்தூர்லருந்து அது ஆவாது. ரேணிகுண்டாவுல ஒரு குளிர்பெட்டி வண்டி ஓட்டற வேல பார்த்துட்டேன். இங்க திருப்பதியிலயே கொர்லகுண்டாவுல வூடும் புடிச்சிட்டேன்.”

பத்மினி தம்பியைப் பார்த்தாள். காலையில் பஸ் ஏறத் துடித்த இவன்தான் போன வாரமே வீடு பிடித்து வைத்திருக்கிறான். பயத்தையும் நம்பிக்கையையும் இத்தனை நாள் இரண்டு தோளிலும் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறான்.

கிரண் சட்டைப் பையில் கைவிட்டு ஒரு சாவியை எடுத்தான். அவள் கையைப் பிடித்து உள்ளங்கையில் வைத்தான்.

“இன்னொண்ணு எங்கிட்ட இருக்குது. அந்த வூட்ல ஒரு சின்ன ரூமு இருக்குது. உனக்குத்தான். நீ தங்கியிருக்கற ஹாஸ்டல காலி பண்ணிட்டு வந்துடு. உங்க கம்பெனி பஸ் அந்த ரோட்லதான் நிக்குதுன்னு நீ முன்ன சொல்லியிருக்கற.” நிறுத்தி, டீயின் அடியைப் பார்த்தபடி சொன்னான். “தெனம் கேக்கற கொரலு எதுவோ, அதுதான் அவளுக்குப் பேச்சா மாறும்னு மேடம் சொன்னாங்க. அதுல உன் கொரலும் இருக்கணும்க்கா.”

பத்மினி சாவியை மூடிப் பிடித்தாள். பேச வாயெடுத்தபோது போன் அடித்தது. அவளோடு வேலை பார்க்கும் நிதின்.

“மேடம், எங்க இருக்கீங்க? காலையிலருந்து போட்டுக்கினு இருக்கேன். உங்க பேரு வந்துடுச்சி. புனே. புது ப்ளான்ட்டுல மொத்த டீமும் உங்க கீழ. சரியா இல்லயான்னு இன்னிக்கு சாயந்தரத்துக்குள்ள சொல்லணுமாம், மேனேஜர் காத்துக்கினு இருக்காரு.”

ஆபரேஷன் தியேட்டர் வாசலில் தம்பி அந்தச் சொல்லைச் சொன்ன அன்றைக்கு, பஸ்ஸில் திரும்பும்போதே போனில் அனுப்பிய விண்ணப்பம் அது. வராது என்று நினைத்திருந்தாள். அதுவும் அவள் வருஷக்கணக்காக ஆசைப்பட்ட பதவி.

“நிதின், நான் கூப்பிடறேன்,” என்று வைத்தாள்.

கிரண் காலி கிளாஸ்களை இரண்டு விரலில் கோர்த்துக்கொண்டு கேட்டான். “யாருக்கா?”

சாவி உள்ளங்கையில் வெதுவெதுப்பாக இருந்தது. “கம்பெனிலருந்து,” என்றாள் பத்மினி. அதற்குமேல் என்ன சொல்வது என்று அன்று முதல்முறையாக அவளுக்குத் தெரியவில்லை.